பதினேழை இருபத்துமூன்றால்

ஒரு நாள் கூலி போனது.
அறுபது பைக்கு ஜிப் தைத்தால் வரும் காசு.
பள்ளிக்கூடப் பைகள்தான், நான் தைப்பது எப்போதும்.
மழைக்காலக் கூட்டத்தொடர் நடக்கிறது, இந்த வாரம் விட்டால்
டிசம்பரில் நாக்பூர் என்றார் தேவ்தர் அம்மா.
நாக்பூருக்கு யார் போவது?

நனைந்த குடையும் நனையாத ஃபைலுமாக
எம்.எல்.ஏ. விடுதி வராந்தாவில் பதினோரு பேர் நின்றோம்.
முலுண்டிலிருந்து எஞ்சினியர், அவர் பையன்.
கோவண்டியிலிருந்து நஸ்ரீன்,
மேல் வகுப்புக்கு ஏற்ற முடியாதென்று
இருமுறை திருப்பி அனுப்பப்பட்ட மகளோடு.
தாராவியிலிருந்து நான், என் பிரிசில்லா,
வீட்டில் விட ஆளில்லாமல் மூத்தவன் ஜெபராஜும்.
தண்ணீர் பாட்டிலைச் சுமந்தவன் அவன்தான்.

மனு மராத்தியில். எனக்குப் படிக்கத் தெரியாது.
பிரிசில்லாதான் படித்துச் சொன்னாள்,
இரண்டு எழுத்துப்பிழையையும் சேர்த்து.
தமிழில் அதற்கு மீத்திறன் என்று பெயராம்.
எங்கள் சந்தில் அதற்குப் பெயர் வாய்.
வகுப்பில், தொந்தரவு.
'முடிச்சிட்டியா? கையைக் கட்டு, வாயில விரல வை.'
மூன்று வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.
அந்த ஒரு விரலுக்கு மட்டும்
நான் நகம் வெட்டியதே இல்லை.
வெட்ட மிச்சம் இருக்காது.

வாசலில் உதவியாளர் கேட்டார்:
பிள்ளைக்கு என்ன குறை?
குறை இல்லை என்றோம்.
குறை இல்லாமல் எதற்கு மனு என்றார்.

எனக்கே ராத்திரியில் வருகிற கேள்வி.
அறுபத்தெட்டுப் பிள்ளைக்கு ஒரு டீச்சர்;
ஏழாம் வாய்ப்பாட்டில் இடறி விழுகிற மூத்தவனுக்கே
யாரும் கை நீட்டியதில்லை.
இதில் ஓடுகிறவளுக்குப் பாதை கேட்டு வந்திருக்கிறேன்,
ஒருவன் வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருக்க
பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பது போல.
பாயசம் இல்லை, அவளுக்கும் அது சோறுதான் என்று சொல்ல
எஞ்சினியருக்கு வார்த்தை இருக்கிறது.

ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.
உறுப்பினர் நல்லவராகத்தான் தெரிந்தார். டீ சொன்னார்.
மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் சேர்த்து என்று
தேவ்தர் அம்மா அழுத்திச் சொன்னபோது போன் வந்தது.
பேசி முடித்துப் பிள்ளைகளைப் பார்த்தார்.
'எங்கே, ஏதாவது செஞ்சு காட்டுங்க.'
முலுண்ட் பையன் தலைநகரங்களை
மூச்சுவிடாமல் ஒப்பித்தான். கைதட்டினார்கள்.
பிறகு என் மகளிடம் திரும்பி,
'பதினேழை இருபத்துமூன்றால் பெருக்கு.'

அவள் பேசவில்லை.
டீ ஆடை கட்டியது.
என் வயிற்றுக்குள் ஒரு ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.
சொல்லு, சொல்லித்தொலை என்று அவள் முதுகில் என் விரல்.
ஜெபராஜ் மட்டும் உதட்டை அசைத்து
தனக்குள் பெருக்கிக்கொண்டிருந்தான்.
'பயந்துடுச்சு, பாவம்.'
மனுவின் மூலையில் கையெழுத்துப் போட்டு
முத்திரைக்கு அனுப்பினார்.

மஸ்ஜித் தாண்டியதும் கேட்டேன்,
அடிக்கப் போகிற குரலில்.
'அவருக்கு அந்த விடை வேணாம்மா.
வேணாததை எதுக்குக் கேக்குறாரு?'

பைகுல்லாவில், முன்னூத்தித் தொண்ணூத்தொண்ணு
என்றான் ஜெபராஜ்.
வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு
'சரி' என்றாள்.

பரேலில் ரசீதை வாங்கிப் பார்த்தாள். வரிசை எண், தேதி.
'ஜனவரியிலேர்ந்து இத்தனை மனு வந்திருக்கு.
நாம நின்னப்ப அந்த மேசையில எத்தனை பிரிச்சாங்க, பார்த்தியா?'
நான் பார்க்கவில்லை.
ஜன்னல் கம்பியில் மழைத்துளிகளை
ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கணக்குப் போட்டாள்.
மாட்டுங்கா தாண்டும்போது துளியைத் தள்ளுவதை நிறுத்தினாள்.
எந்த வருஷம் வரும் என்று நான் கேட்கவில்லை.
சயான். இறங்கினோம்.
நாளைக்கு நூற்றிருபது பை.